ஒரு துவக்கை அளந்த கதை

மதிய இடைவேளையில் அவள் தன் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து, பாண் துண்டுக்குப் பக்கத்தில் கடதாசிக் கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்த எதையோ எடுத்து என் முன்னால் நிமிர்த்தி வைத்தாள். பித்தளையில் ஒரு சின்னக் குப்பி. மேலே ஒடுங்கிய கழுத்து. கழுத்துக்குள் செம்பு நிறத்தில் ஒரு கூர்முனை.

நான் உட்கார்ந்திருந்த கதிரை தானாகப் பின்னால் போனது.

"பயப்படாதை. உள்ளுக்கு வெடிமருந்து இல்லை, பத்தவைக்கிற தொப்பியும் இல்லை. வெறும் பித்தளைக் கோதும் செம்புச் சன்னமும்தான். இது வெடிக்க ஏலாது" என்றாள்.

அவள் பேசியது ஜேர்மன். ஆனால் எட்டு வருடமாக ஒரே அறையில் ஒரே மேசையில் வேலை செய்பவளின் பேச்சு என் நினைவில் எங்கள் தமிழாகவேதான் தங்கியிருக்கிறது. ஸ்டுட்கார்ட்டிலிருந்து ரயிலில் முக்கால் மணி நேரத் தொலைவில் உள்ள ஒரு சிற்றூரில், வால்வு உதிரிப்பாகங்கள் செய்யும் தொழிற்சாலையின் அளவறையில் நாங்கள் இருவரும் வேலை செய்கிறோம். கோடையோ பனியோ, அந்த அறைக்குள் எப்போதும் இருபது பாகைதான். இரும்பு சூட்டில் நீளும், குளிரில் சுருங்கும் என்பதால் அப்படி. மற்றவர்கள் கடைந்து தருவதை நாங்கள் அளந்து, சரி அல்லது பிழை என்று சொல்வோம். பிழை என்று சொல்வதால் எங்களை அவ்வளவாக யாருக்கும் பிடிக்காது.

அவளுக்கு என் வயதுதான். பக்கத்துக் கிராமத்தில் பிறந்து வளர்ந்தவள். சிரித்தால் அடுத்த மண்டபத்தில் கேட்கும். அவள் ஏதோ சுடும் சங்கத்தில் இருக்கிறாள் என்பது எனக்குத் தெரியும். இங்கே ஊருக்கு ஒரு சங்கம் இருக்கிறது. சிலர் பாடுவார்கள், சிலர் முயல் வளர்ப்பார்கள், சிலர் நூறு மீற்றரில் கடதாசியைச் சுடுவார்கள். ஆனால் சுடுவதற்கான ரவைகளை அவளே வீட்டில் செய்கிறாள், அதற்குப் பரீட்சை எழுதி அரச அனுமதி எடுத்திருக்கிறாள் என்பதை அன்றுதான் அறிந்தேன்.

"அஞ்சு சுட்டால் நாலு ஒரே இடத்திலை விழுது, ஒண்டு மட்டும் ஓடிப்போகுது," என்றாள். "எல்லாரும் நான்தான் பதறுறன் எண்டு சொல்லுறாங்கள். நான் பதறேல்லை. நீ இதை ஒருக்கா அளந்து பாரன்."

துப்பாக்கியை நாங்கள் துவக்கு என்போம்; அந்தச் சொல் பேச்சில் வந்தாலே நான் கதையை மாற்றிவிடுவேன். யாழ்ப்பாணத்தில் நான் சிறுமியாக இருந்தபோது அதன் சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பார்த்துத்தான் பள்ளிக்கூடம் போவதா இல்லையா என்று முடிவெடுப்போம். அதனால் அந்தப் பொருளைத் தொடவே எனக்கு மனமில்லை. ஆனால் 'அளந்து பார்' என்று ஒருத்தி சொல்லிவிட்டாளே!

தாங்குகட்டை ஒன்றில் அதைப் படுக்க வைத்தேன். நீளமாகப் பள்ளம் வெட்டிய கட்டை அது. உருண்டையான எதையும் அதில் வைத்து உருட்டலாம். மேலே அளவுக் கடிகாரத்தின் முனையைச் சன்னத்தின் மீது மெல்ல இறக்கினேன். அளவுக் கடிகாரம் என்பது கைக்கடிகாரம் போல வட்ட முகமும் முள்ளும் உள்ள கருவி. நேரத்துக்குப் பதில் மில்லிமீற்றரின் நூறில் ஒரு பங்கைக் காட்டும். தலைமுடி ஒன்றின் பருமன் அதில் ஏழு கோடு அளவில் வரும்.

கோதை விரலால் உருட்டினேன். முள் எழும்பியது. பாதி சுற்றியபோது இறங்கியது. மறுபடி எழும்பியது.

"பன்னிரண்டு," என்றேன்.

"அது கூடவோ?"

"இது வால்வாய் இருந்தால் நான் குப்பையிலை போட்டிருப்பன்."

அவள் மேசையில் அடித்துச் சிரித்தாள். அவளுடைய பாண் துண்டு அப்படியே கிடந்தது. சன்னம் கோதுக்குள் நேராக நிற்கவில்லை, வாயில் கோணலாகக் கவ்விய சுருட்டுப் போல நின்றது. கண்ணுக்குத் தெரியவே தெரியாது. முள்ளுக்குத் தெரிந்தது. எனக்குப் பசி போயே போய்விட்டது. எந்த இடத்தில் கோணியது? கோது சுடும்போதே கோணலா, அல்லது சுட்ட கோதைத் திரும்பவும் பாவிக்க ஒரு அச்சுக்குள் அழுத்துவதாக அவள் சொன்னாளே, அப்போது கோணுகிறதா?

"நாளைக்கு எல்லாத்தையும் கொண்டு வா," என்றேன். "சுட்ட கோது, அச்சிலை போட்ட கோது, சன்னம் வைச்ச கோது. வேறை வேறையாய்."

அடுத்த நாள் மதியமும் நாங்கள் சாப்பிடவில்லை. சுட்ட கோதுகளின் கழுத்தில் முள் கிட்டத்தட்ட அசையவே இல்லை. அச்சிலிருந்து வந்தவற்றில் அது ஆடியது. ஆக, கள்ளன் அச்சுக்குள் இருந்தான். அச்சின் நடுவே ஒரு கம்பி. கம்பியின் நுனியில் கழுத்தை உள்ளிருந்து விரித்துவிடும் ஒரு குமிழ். கம்பியைக் கழற்றி உருட்டிப் பார்த்தேன். அது மெலிதாக வளைந்திருந்தது. ஒவ்வொரு கோதையும் வெளியே இழுக்கும்போது கழுத்தை ஒரு பக்கம் சாய்த்து விட்டிருக்கிறது.

"இந்த வருத்தத்தை நான் ரெண்டு வருசமாய்ச் சுமந்தன்," என்றாள் அவள் அந்தக் கம்பியைப் பார்த்து. புதுக்கம்பி வாங்க அன்று மாலையே கடைக்குப் போனாள்.

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஆனால் ஒரு திங்கட்கிழமை காலை அவள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தாள். நாலும் முந்தியதைவிட நெருங்கி விழுகின்றனவாம். ஐந்தாவது மட்டும் இன்னமும் ஓடுகிறதாம்.

"நீ வந்து பார்க்க வேணும்," என்றாள்.

"எங்கை?"

"சுடுற இடத்துக்கு."

வீட்டில் இதைச் சொன்னபோது என் கணவர் கையில் இருந்த தேத்தண்ணீர்க் கோப்பையை மேசையில் வைத்துவிட்டார். அவர் பொதிகள் பிரிக்கும் நிலையத்தில் வேலை செய்பவர். எதற்கும் எளிதில் குரலை உயர்த்த மாட்டார்.

"உனக்கு என்ன விசரே? துவக்குச் சத்தத்துக்குப் பயந்து ஓடி வந்த சனம் நாங்கள். இப்ப காசு குடுத்துக் கேக்கப் போறியோ?"

"நான் சுடப் போகேல்லையப்பா. ஏன் அந்த ஒண்டு மட்டும் ஓடுது எண்டு பாக்கப் போறன்."

"ஓடினால் ஓடட்டும். உனக்கு என்ன?"

அவர் கேட்டது நியாயமான கேள்வி. ஆனால் அந்த வாரம் முழுக்க வால்வுகளை அளக்கும்போதும், சோறு வடிக்கும்போதும் அந்த ஐந்தாவது சன்னம்தான் என் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

சுடுமிடம் திராட்சைத் தோட்டங்களுக்கு மேலே காட்டோரத்தில் இருந்தது. முன்னால் ஒரு சின்ன உணவகம். சனிக்கிழமை என்பதால் உருளைக்கிழங்கு சலாட்டின் வினாகிரிப் புளிப்பு வாசம். சங்கத் தலைவர், பெரிய மீசைக்காரர், கை குலுக்கினார். "அளக்கிற அம்மா நீங்கள்தானோ?" என்று கேட்டார். என் கதை எனக்கு முன்னமே அங்கு போய்ச் சேர்ந்திருந்தது.

காதுக்கு இரட்டைப் பாதுகாப்புப் போட்டேன். உள்ளே பஞ்சு, மேலே கவசம். அவளுக்குப் பின்னால் ஒரு வாங்கில் உட்கார்ந்தேன். முதல் வெடி கேட்டதும், இல்லை, கேட்கவில்லை, நெஞ்சுக்குள் இடித்தது. என் கை வாங்கின் விளிம்பைப் பிடித்துக்கொண்டது. கண்ணைத் திறந்தபோது நான் குனிந்திருந்தேன் என்பது தெரிந்தது. யாரும் சிரிக்கவில்லை. மீசைக்காரர் ஒரு கோப்பை தண்ணீரைக் கொண்டு வந்து என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

எழும்பி வெளியே போய்விடலாம் என்றுதான் இருந்தது. ஆனால் வாங்குக்குப் பக்கத்தில் ஒரு தொலைநோக்கி முக்காலியில் நின்றது. போகும் வழியில் அதற்குள் கண்ணை வைத்தேன். நூறு மீற்றருக்கு அப்பால் வெள்ளைக் கடதாசியில் ஒரே ஒரு ஓட்டை, நடுவுக்குச் சற்று இடப்பக்கம். இரண்டாவது வெடியில் நான் திரும்பவும் குலுங்கினேன். ஆனால் கண்ணை எடுக்கவில்லை. இரண்டாவது ஓட்டை முதலாவதை ஒட்டியிருந்தது. மூன்றாவது இரண்டின் மேலும் ஏறி நின்றது. என்ன வடிவு! நாலாவதும் அங்கேதான். மூச்சைப் பிடித்துக்கொண்டேன். ஐந்தாவது வலப்பக்கம் மேலே, இரண்டு விரற்கடை தள்ளி, தனியாக.

"உதுதான்!" என்று அவள் கத்தினாள்.

"இன்னொருக்காச் சுடு," என்றேன். நான்தான் சொன்னேன். என் வாயிலிருந்துதான் அது வந்தது.

குழலை ஆறவிட்டு அவள் சுட்ட அடுத்த கடதாசியிலும் அப்படியே. ஓடியது அதே பக்கம், வலப்பக்கம் மேலே. எனக்கு உடம்பெல்லாம் ஒரு துள்ளல். பதறுகிறவள் எல்லாப் பக்கமும் சிதறவிட வேண்டும். எப்போதும் ஒரே பக்கம் ஓடினால் அது கை நடுக்கம் அல்ல. அது ஏதோ ஒரு பொருள், ஏதோ ஓரிடத்தில் நகர்கிறது. எங்கள் இயந்திரங்களிலும் அப்படித்தான். ஒரே பக்கம் விலகினால் ஆளைத் திட்டுவதை விட்டுவிட்டுப் பிடியைப் பார்க்க வேண்டும்.

"குழல் சூடாகச் சூடாக என்ன நடக்குது?" என்று கேட்டேன்.

அவள் என்னைப் பார்த்தாள். மீசைக்காரரும் திரும்பிப் பார்த்தார்.

திங்கட்கிழமை எங்கள் பொறுப்பாளரிடம் போய், அளவுக் கடிகாரம் ஒன்றையும் காந்தத் தாங்கி ஒன்றையும் வார இறுதிக்கு இரவல் கேட்டேன்.

"எதுக்கு?"

"ஒரு துவக்கை அளக்க."

அவர் எழும்பிக் கருவி அலுமாரியைத் திறந்தார். இந்த அளவறையில் எனக்கு முன் வேலை செய்த யாரும் அவரிடம் அப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள். முப்பது வயதுக்குப் பிறகு, துப்புரவு வேலையை விட்டுவிட்டு நான் தொழிற்பயிற்சிக்கு விண்ணப்பித்தபோது என்னைச் சேர்த்துக்கொண்டவரும் அவர்தான். கடைசியில், "சோதனை முத்திரை ஒட்டியிருக்கு, அதைச் சுரண்டிப் போடாதேங்கோ," என்று மட்டும் சொன்னார்.

அந்தச் சனிக்கிழமை சங்கத்தின் நீண்ட மேசையில் அவள் துவக்கை வைத்தாள். ரவையை உள்ளே தள்ளும் பூட்டைக் கழற்றி எடுத்து, குழலுக்குள் எதுவும் இல்லை என்று எனக்கும் காட்டினாள். சலாட் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் தட்டுகளோடு வந்து சுற்றி நின்றார்கள். துவக்கின் இரும்புப் பகுதி மரக்கட்டைக்குள் பதிந்திருக்கும்; அதைக் கீழிருந்து இரண்டு திருகாணிகள் பிடித்திருக்கும். காந்தத் தாங்கியைக் குழலில் ஒட்டினேன். அளவுக் கடிகாரத்தின் முனையை மரத்தின் நுனியில் தொட வைத்து, முள்ளைச் சுழியத்துக்குக் கொண்டு வந்தேன்.

"இப்ப முன் திருகாணியை மெதுவாய்த் தளர்த்து," என்றேன்.

இரும்பு மரத்தில் சரியாக உட்கார்ந்திருந்தால் திருகாணி தளர்ந்தாலும் முள் அசையக்கூடாது. அசைந்தாலும் நாலைந்து கோடு. அவள் திருகாணிச் சாவியைத் திருப்பினாள். முள் எழும்பியது. ஐந்து. பத்து. எவரோ முள்ளுக்கரண்டியைத் தட்டில் வைத்த சத்தம் கேட்டது. இருபது. முப்பதைத் தாண்டி நின்றது.

"இறுக்கு," என்றேன். முள் அப்படியே சுழியத்துக்கு இறங்கியது. "தளர்த்து." ஏறியது.

நேராகக் கிடக்க வேண்டிய இரும்பு இத்தனை காலமும் திருகாணிகளின் பலத்தில் வில்லாக வளைந்து மரத்துக்குள் கிடந்திருக்கிறது. நாலு வெடிக்குக் குழல் சூடேறியதும், வளைந்து கிடந்த இரும்பு மெல்ல இடம் மாறியிருக்கிறது. ஐந்தாவது ஓடியிருக்கிறது.

மீசைக்காரர் குனிந்து முள்ளைத் தன் கண்ணால் பார்த்தார். தானே சாவியை வாங்கி ஒருமுறை இறுக்கித் தளர்த்தினார். பிறகு அவளிடம், "நீ பதறுறாய் எண்டு எல்லாருக்கும் சொன்னவன் நான்தானே," என்றார். அவள் அவர் முதுகில் ஓங்கி ஒன்று போட்டாள். அன்றைய சலாட்டுக்கு யாரும் என்னைப் பணம் கொடுக்க விடவில்லை.

துவக்குத் திருத்துபவர் ஒருவர் மரத்தின் உட்பக்கத்தைச் சுரண்டி, இறுகிக் கல்லாகும் பசை ஒன்றை ஊற்றி, இரும்பை அதில் பதியவைத்துக் கொடுத்தார். அது திரும்பி வந்த அன்று நான் கேட்காமலேயே அவள் என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு போனாள். முதலில் முள்ளை வைத்துப் பார்த்தோம். திருகாணி தளர்ந்தும் அது அசைய மறுத்தது. இரண்டு கோடு, அவ்வளவுதான்.

பிறகு அவள் சுட்டாள். நான் தொலைநோக்கியில் இருந்தேன். ஐந்தும் ஒன்றையொன்று தின்றுகொண்டு, கிழிந்த ஒற்றை ஓட்டையாகக் கிடந்தன. கடதாசியைக் கழற்றி வந்து வேர்னியர் அளவுகோலால் ஓரத்துக்கு ஓரம் அளந்தேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவளுக்கு விளங்கியிருக்க வேண்டும். "இப்ப நீ," என்றாள்.

"நானோ? ஏலாது."

"பக்கத்திலை நான் இருக்கிறன். விருந்தாளிகள் சுடலாம், அதுக்கு ஒழுங்கு இருக்கு. வேண்டாமெண்டால் வேண்டாம்."

நான் யோசித்தேன். ஊரில் அந்தச் சத்தம் எப்போதும் எங்கோ இருந்து எங்களை நோக்கி வந்தது. நாங்கள் சுவரோடு ஒட்டிக் கிடந்து அது கடந்து போகக் காத்திருந்தோம். இங்கே எனக்கு முன்னால் ஒரு கடதாசி, அதற்குப் பின்னால் ஒரு மண்மேடு. எவரும் இல்லை. வேண்டாமென்று சொல்ல உரிமை இருந்ததாலோ என்னவோ, நான் ஓம் என்று தலையாட்டினேன்.

துவக்கின் கட்டை கன்னத்தில் குளிர்ந்தது. குறிபார்க்கும் கண்ணாடிக்குள் கறுப்பு வட்டம் என் இதயத்துடிப்புக்கு ஏற்ப ஏறி இறங்கியது. "மூச்சை விடு, பாதியிலை நிப்பாட்டு, விரலைத் தேத்தண்ணி ஆத்துற மாதிரி மெதுவாய் இழு," என்று அவள் காதுக்கவசத்துக்கு மேலால் கத்தினாள். தேத்தண்ணீர் ஆற்றுவதை என் வீட்டில் பார்த்துத்தான் அவள் கற்றுக்கொண்டிருந்தாள். தோள் இடிபட்டது. "ஐயோ அம்மா!" என்று நான் கத்தியது எல்லாருக்கும் கேட்டதாம்.

என்னுடைய ஐந்தும் விரித்த கையளவுக்குச் சிதறியிருந்தன. அதையும் அளந்தேன். அவள் சுட்டதோடு ஒப்பிட்டுச் சொல்ல வெட்கமாக இருந்தது. ஆனால் காரில் திரும்பி வரும்போது நான் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் அவள் சிரித்துச் சிரித்து ஒரு சந்தியில் பாதை மாறிப் போனாள்.

கோடைத் தொடக்கத்தில் மாவட்டப் போட்டி. வேறொரு ஊரின் சுடுமிடம், ஏறக்குறைய எல்லாரும் ஆண்கள். நான் பார்வையாளர் வரிசையில் முன்னால் நின்றேன். அவள் அமைதியாகச் சுட்டாள். முடிவில், மாநிலப் போட்டிக்குப் போகும் கடைசி இடத்துக்கு அவளும் ஒரு இளந்தாடிக்காரரும் ஒரு புள்ளி வித்தியாசத்தில் நின்றார்கள். அவளுடைய ஒரு ஓட்டை ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவே கோட்டின்மேல் கிடந்தது. ஒன்பதென்றால் அவர். பத்தென்றால் சமம், சமமானால் கடைசிச் சுற்றில் கூடிய புள்ளி எடுத்தவர் போவார் என்பது விதி, அது அவள். கோட்டை ஓட்டையின் ஓரம் தொட்டாலே பத்துத்தான். தொட்டதா?

நடுவர், கண்ணாடி போட்ட ஒல்லியான பெண், சட்டைப்பையிலிருந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்தார். உள்ளே ஒரு சிறு கம்பி. அதன் தலையில் ஊடே பார்க்கக்கூடிய தட்டு, தட்டில் மெல்லிய வட்டம். அந்தக் கம்பியை ஓட்டைக்குள் இறக்கினால், கடதாசி எப்படிக் கிழிந்திருந்தாலும் சன்னத்தின் உண்மையான ஓரம் எங்கே என்பதை வட்டம் காட்டிவிடும். ஒரு முறைதான் இறக்கலாம். இரண்டாம் முறை இறக்கினால் ஓட்டையே பெரிதாகிவிடும்.

அப்படி ஒரு கருவி இருப்பதே எனக்குத் தெரியாது. எட்டிப் பார்க்க என் கழுத்து நீண்டது. அதன் விட்டத்தை யார் சோதித்தார்கள், எப்போது சோதித்தார்கள் என்று கேட்க நாக்கு துறுதுறுத்தது. பார்வையாளர் பேசக்கூடாது. அவள் என் கையைப் பிடித்து நெரித்தாள்.

நடுவர் கம்பியை நேராகப் பிடித்து, அவசரமில்லாமல் இறக்கினார். உருப்பெருக்கிக் கண்ணாடியை மேலே வைத்தார். பார்த்தார். இன்னொரு நடுவரைக் கூப்பிட்டார். அவரும் பார்த்தார். இருவரும் மெதுவாக ஏதோ பேசிக்கொண்டார்கள். தாடிக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"பத்து," என்றார் நடுவர்.

"தொட்டிட்டுது!" என்று நான் கத்தியது தமிழில். மண்டபம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவள் என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினாள். தாடிக்காரர் வந்து இருவருக்கும் கை கொடுத்தார். அந்தக் கருவியை நான் கையில் வாங்கிப் பார்க்கலாமா என்று நடுவரிடம் கேட்டேன். அவர், "விளிம்பிலை பிடியுங்கோ," என்று கொடுத்தார். எவ்வளவு வழவழப்பு! எவ்வளவு இலேசு!

வெளியே வந்து கணவருக்கு அழைத்தேன்.

"என்ன, முடிஞ்சுதோ?"

"முடிஞ்சுது. அவள் மாநிலப் போட்டிக்குப் போறாள்."

"அந்த ஓடுற ஒண்டு?"

அவருக்கு அது நினைவிருக்கிறது என்பதே எனக்கு ஆச்சரியம். "அது இப்ப ஓடுறேல்லை," என்றேன்.

"பிறகென்ன, அவளையும் கூட்டிக்கொண்டு வா. கோழிக்கறி காச்சுறன்," என்றார்.

மாநிலப் போட்டியில் அவள் நடுவில் எங்கோதான் வந்தாள். அதற்காக அவள் ஒரு நிமிடமும் முகம் சுளிக்கவில்லை. நான் இலையுதிர் காலத்தில் அந்தச் சங்கத்தில் சேர்ந்துவிட்டேன். சத்தத்துக்கு இன்னமும் குலுங்குகிறேன். முதல் வெடிக்கு மட்டும். இரண்டாவதற்குள் என் கண் தொலைநோக்கிக்குப் போய்விடுகிறது. சனிக்கிழமைகளில் மீசைக்காரர் முதற்கொண்டு ஆளாளுக்குக் கோதுகளை டப்பாவில் போட்டுக்கொண்டு வந்து, நான் சலாட்டைச் சாப்பிட்டு முடிக்கும் வரை பொறுமையில்லாமல் மேசையைச் சுற்றி நிற்கிறார்கள்.